முத்தெடுத்தவன் பெயர் என்ன?

கொற்கை முத்து என்றால் உலகம் அறியும். ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்திலே அது தொங்கிற்று. பாண்டியனின் பண்டகசாலையிலே அது குவிந்தது. புலவர் பெருமக்கள் பாடிப் பாடிப் பரவசம் கொண்டனர். முத்தின் நிறத்தைச் சொன்னார்கள், உருட்சியைச் சொன்னார்கள், விலையைச் சொன்னார்கள். எல்லாம் சரி. கல்லிலே கால் பதித்து, கயிற்றைக் கையில் பிடித்து, மூச்சை அடக்கிக் கடலின் அடிவயிற்றுக்குச் சென்று அந்தச் சிப்பியை அள்ளி வந்தானே, அவன் பெயர் என்ன?

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு, இந்தக் கரைகளைத் தேடிவரும் வணிகருக்கு வழிகாட்டக் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதப்பட்டது. 'பெரிப்ளூஸ்' என்பர் அதனை. கொற்கையிலே முத்துக்குளிப்போர் தண்டனை பெற்ற கைதிகள் என்று அதிலே ஒரு வரி வருகிறது. தொழில் தெரிகிறது, தண்டனை தெரிகிறது, பெயர் தெரியவில்லை! முத்துக்கு வரலாறு உண்டு. முத்தெடுத்தவனுக்கு முகவரியே இல்லை.

துறைமுகத் தோழர்களே! உப்பளத்து உழைப்பாளிகளே! மூட்டை சுமக்கும் தோள்களே! வலை இழுக்கும் கரங்களே! ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றிப் பேச வந்தவன், முத்தைப் பற்றிப் பேசி முழம் போடுகிறானே என்று எண்ணாதீர்கள். பாட்டும் முத்துதான். அதையும் மூச்சடக்கித்தான் எடுக்கிறார்கள். எடுத்தவன் பெயரை மறைப்பதும் அதே பழைய பழக்கந்தான்!

2024-ஆம் ஆண்டில் 'வள்ளியம்மா பேராண்டி' என்றொரு பாட்டுத் தொகுப்பு வெளிவந்தது. அந்நாளில் இசைத்தட்டு, இந்நாளில் கைப்பேசிக்குள்ளேயே வந்து சேருகிறது, வேறுபாடு அவ்வளவுதான். வெளியிட்டவர் அரக்கோணத்து இளைஞர், 'தெருக்குரல்' அறிவு. 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித் முன்னின்று உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவிலே பலரோடு ஒருவராக நின்று பாடியவர். 2019-இல் ஆஃப்ரோ என்னும் இசைக் கலைஞரோடு கைகோத்துத் 'தெருக்குரல்' தொகுப்பைத் தந்தவர். குழுவிலே ஒருவர், கூட்டிலே ஒருவர் என்று இருந்த அவர், தம் பெயரிலேயே, தாமே பொறுப்பேற்று வெளியிட்ட முதல் தொகுப்பு இது. அதற்கு அவர் வைத்த தலைப்பு தம் பெயர் அல்ல. பாட்டியின் பெயர்! வள்ளியம்மாவின் பேரன் நான் என்று நெற்றியிலே எழுதிக்கொண்டு நிற்கிறது அந்தத் தொகுப்பு.

ஏன் இப்படி ஒரு தலைப்பு? அதற்குள்ளே ஒரு வழக்கு இருக்கிறது. விவரமாகச் சொல்கிறேன்.

2021 மார்ச் திங்களில் 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டு வெளிவந்ததை அறியாதார் இல்லை. அறிவும் பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைப்பணி புரிந்த பாட்டு. பேரப்பிள்ளையை மடியிலே போட்டுப் பாட்டி 'என் சாமி' என்று கொஞ்சுவாளே, அந்தச் சொல்தான் 'எஞ்சாமி'. நிலமற்ற உழைப்பாளியின் வாய்மொழியும் ஒப்பாரியின் ஓசையும் கலந்த அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கான முறை உலகம் கேட்டது. தமிழ் தெரியாதவனும் தாளம் போட்டான்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' என்னும் இசை இதழ் அட்டைப்படம் போட்டது. தீயின் படம் இருந்தது. வேறொரு பாடகரின் படமும் இருந்தது. அறிவின் படம் இல்லை. ஏன் இல்லை என்று இரஞ்சித் முதலானோர் குரல் எழுப்பிய பின்னரே, அறிவின் படத்தோடு இணையப் பதிப்புக்கென்று இன்னொரு அட்டை வந்தது. பந்தியிலே இலை போடாமல் விட்டு, ஊர் கேட்ட பிறகு திண்ணையிலே இலை போட்ட கதை!

அடுத்த ஆண்டு 2022 ஜூலை 28. சென்னையிலே செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே திரும்பிப் பார்த்த விழா. மேடையிலே அந்தப் பாட்டு ஒலித்தது. தீ பாடினார், கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். நாட்டுப்புறக் குரல் அந்த மேடை ஏறியது நமக்குப் பெருமையே. ஆனால் அறிவு அந்த மேடையிலே இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சில நாள் கழித்து, இது நான் எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு என்று அறிவு உலகறியச் சொன்னார். இது மூவரின் கூட்டு உழைப்பு. உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் தந்தார். சரி, சமம் என்றால் எவ்வளவு வந்தது? 2024 மார்ச்சிலே அதே சந்தோஷ் நாராயணன் சொன்னார்: அந்தப் பாட்டால் எங்கள் கைக்கு ஒரு காசும் வரவில்லை என்று! வெளியிட்ட நிறுவனத்தார் தம் தரப்பில் மறுமொழி கூறினர்.

எந்த வரி எவருடையது, எந்த மெட்டு எவர் நெஞ்சிலே பிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. தீயின் குரல் இனியது. சந்தோஷ் நாராயணனின் திறமை ஊரறிந்தது. அவர்களும் ஏமாந்ததாகவே சொல்கிறார்கள். அவர்கள்மீது எனக்குப் பகை இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அட்டையிலே இடம் போதாமற் போனால், மேடையிலே ஆள் குறைந்தால், விட்டுப்போவது எப்போதும் ஏன் அந்தக் கோடியிலே நிற்பவன் பெயராகவே இருக்கிறது? அரக்கோணத்துப் பேரன் பெயர் விட்டுப்போகிறது. கொற்கையிலே குளித்தவன் பெயர் விட்டுப்போயிற்று. தற்செயல் என்பார்கள். இரண்டாயிரம் ஆண்டாக ஒரே பக்கம் சாய்கின்ற தராசைத் தற்செயல் என்று யார் நம்புவார்?

யார் இந்த வள்ளியம்மா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துத் தாயகம் திரும்பிய இலட்சோப இலட்சம் தாய்மாரிலே ஒருவர். இந்த இடத்திலே, தோழா, உன் ஊர் வருகிறது. தூத்துக்குடி வருகிறது!

மலையிலே காப்பி பயிரிட்டான் வெள்ளையன். காப்பி நோய்ப்பட்டதும் தேயிலை பயிரிட்டான். உழைக்க ஆள் வேண்டும். கங்காணி வந்தான் நம் சீமைக்கு. பஞ்சத்தைக் காட்டினான், முன்பணத்தை நீட்டினான், தேங்காயும் மாசியும் செடிக்கடியிலே கிடைக்கும் என்று கதை அளந்தான். ஊரை விட்டார்கள் உழவர் மக்கள். ஒரு சாரார் மண்டபம் வழியே தலைமன்னார் போனார்கள். ஒரு சாரார் தூத்துக்குடியிலே கப்பல் ஏறிக் கொழும்பு போனார்கள். இதோ, அருகிலிருக்கும் தட்டப்பாறையிலே முகாம் போட்டுக் கூலிகளைத் தங்கவைத்து, நோய் உண்டா என்று சோதித்து அனுப்பினார்கள். போனவன் தலையிலே கடன் இருந்தது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினால் துண்டும் கூடவே போகும். துண்டிலே தொகை இருந்தது. அது துல்லியமாக இருந்தது. மனிதனை மட்டும் 'கூலி' என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள்.

1948-இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அந்த மக்களை நாடற்றவராக்கிற்று இலங்கை அரசு. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! ஆட்டுக்கிடையைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். எண் இருந்தது, பெயர் இல்லை. அவர்கள் கொண்டு போனதும் கொண்டு வந்ததும் ஒரே ஒரு சொத்து. சுங்கக்காரன் சோதிக்க முடியாத சொத்து. கங்காணி பிடித்தம் செய்ய முடியாத சொத்து. அதுதான் பாட்டு! தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் நெஞ்சிலே வைத்துக் கடல் கடந்து, நெஞ்சிலே வைத்தே கரை திரும்பினார்கள்.

அந்தச் சொத்துக்குத்தான் இன்று பேரன் பட்டயம் கேட்கிறான். அவன் கேட்பதிலே குற்றம் என்ன?

குற்றம் உண்டு என்பார் சிலர். 'நாட்டுப்பாட்டு ஊர்ப்பொது அல்லவா? காற்றுக்கும் கடலுக்கும் சொந்தக்காரன் உண்டா? பொதுச்சொத்திலே தன் பெயரைப் பொறிப்பது தன்னலம் அல்லவா?' என்று தத்துவம் பேசுவர்.

அவர்களுக்கு எங்கள் கடற்கரையிலிருந்தே விடை தருகிறேன். கடல் பொதுதான். தோலாயிரம் பார் எவன் பாட்டன் சொத்தும் அல்ல. ஆயினும் சலாபம் நடந்த காலத்திலே கணக்கு எப்படி இருந்தது? வெள்ளைக்காரன் நடத்திய சலாபம்! சுரண்டலிலே பட்டம் பெற்றவன் நடத்திய சலாபம்! அங்கேகூட, படகு கரை சேர்ந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். இரண்டு குவியல் அரசுக்கு. ஒரு குவியல் குளித்தவனுக்கு. மூன்றில் ஒரு பங்கு! அதுவும் போதாது என்பேன் நான். ஆனாலும் அது பிச்சையல்ல, பங்கு. அதுமட்டுமா? சுறா கடிக்காமலிருக்க மந்திரம் ஓதக் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவர் வாயசைத்ததற்கும் சிப்பி கொடுத்தார்கள்! மந்திரம் சொன்னவருக்குப் பங்கு உண்டு. கயிறு பிடித்தவருக்குப் பங்கு உண்டு. குளித்தவனுக்கும் பங்கு உண்டு. 1961-க்குப் பிறகு இக்கரையிலே சலாபம் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு நிற்கலாமா? கோடிப் பேர் கேட்ட பாட்டிலே, ஒரு காசும் வரவில்லை என்று கலைஞர்களே கூறும் நிலை, வெள்ளையன் காலத்துச் சலாபத்தைவிடக் கீழான நிலை அல்லவா?

இன்னொரு விடையும் உண்டு. எட்டயபுரத்துப் பாரதியின் பாடல்களை ஒலியாக்கும் உரிமை ஒரு காலத்திலே பட அதிபர் ஒருவரிடம் இருந்தது. 1949-இல் ஓமந்தூரார் ஆட்சி அதை மக்களுக்காகப் பெற்றது. பாட்டு பொதுவாயிற்று. பாரதியின் பெயர் அழிந்ததா? இல்லை, இன்னும் ஓங்கிற்று! ஆக, பாட்டைப் பொதுவாக்குவது வேறு. பாடியவனை மறைப்பது வேறு. பொதுவுடைமை பேசிப் பெயரைத் திருடுவது மூன்றாவது வேலை. அதற்கு வேறு பெயர் உண்டு.

பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்கிறாயா? சட்டம் இருக்கிறது, தோழா! 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார். வெளியான படைப்பின்மீது எவர் பெயர் ஆசிரியர் என்று அச்சாகியிருக்கிறதோ, அவரே ஆசிரியர் என்றுதான் வழக்கு மன்றம் முதலில் கொள்ளும். இல்லை என்பவன்தான் மெய்ப்பிக்க வேண்டும். இது 55-ஆம் பிரிவு. உரிமையை விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனுக்கு உண்டு. இது 57-ஆம் பிரிவு. 2012-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எழுதியவரும் மெட்டமைத்தவரும் வருவாயிலே சமபங்கு பெறும் உரிமையை, வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி, வேறு எவருக்கும் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றது. ஏழைக் கலைஞன் வறுமையிலே கைநாட்டு வைத்தாலும் அவன் பங்கு அவனுக்கே. நல்ல சட்டம்! ஆனால் அந்தச் சட்டத்தின் கதவைத் திறக்கும் சாவி எது? பெயர்! பெயரில்லாத பாட்டைக் கையிலே வைத்துக்கொண்டு எந்தச் சங்கத்திலே பதிவு செய்வாய்? எந்த மன்றத்திலே பங்கு கேட்பாய்? ஆகவே அறிவு தம் தொகுப்பின் முகப்பிலே பொறித்தது வெறும் அலங்காரம் அல்ல. அது சம்பளப் பட்டியலில் போட்ட கையெழுத்து. வருகைப் பதிவேட்டில் இட்ட முத்திரை.

தூத்துக்குடியானுக்கு இது புதிதா? 1906-இல் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினாரே, ஏன்? கடலிலே கப்பல் இல்லையா? வெள்ளையன் கப்பல் கொழும்புக்குப் போய்க்கொண்டுதானே இருந்தது? ஏறி உட்கார்ந்தால் இவரையும் இறக்கிவிட்டிருக்க மாட்டானா? பயணம் போவதல்ல சிக்கல். கப்பல் யாருடையது என்பதே சிக்கல்! 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, 10 இலட்சம் மூலதனம் என்று திட்டமிட்டு, காலியா, லாவோ என்று இரு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளைக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, காசே வேண்டாம் ஏறு என்றது. ஏறினவனுக்குக் குடை ஒன்றும் பரிசு என்றது! குடையைக் கண்டு மயங்கியவன் கப்பலை இழந்தான். சிதம்பரனார் சிறையிலே செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இன்றைக்கும் குடை கொடுக்கிறார்கள். அதற்குப் 'புகழ்' என்று பெயர். 'காசு பிறகு பார்க்கலாம். கோடிப்பேர் கேட்கிறார்களே, போதாதா?' என்று கிராமத்துக் கலைஞனின் தலைக்குமேல் விரிக்கிறார்கள். மழை நின்றதும் மடக்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு கலைஞன் தன் பெயரிலே தனித் தொகுப்பு வெளியிடுவது, குடையை மறுத்துக் கப்பல் கட்டும் செயல். சிறிய கப்பலாக இருக்கலாம். துளை விழலாம். ஆனால் அது அவன் கப்பல்!

அதோடு கதை முடிந்ததா? இல்லை. ஒரு பேரன் பெயர் பெற்றான். ஓராயிரம் பாட்டிகள் இன்னும் பெயரின்றிக் கிடக்கிறார்கள். இந்தக் கரையிலே வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறது. விசைப்படகும் எந்திரமும் வந்த பின்பு, அந்தப் பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. பாடத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடுகிறார்கள். நாளைக்கு எவனோ ஒருவன் அதைப் பதிவு செய்து, 'மரபுப் பாடல்' என்று ஒரு சொல்லைப் போட்டு, தன் பெயரைப் பெரிதாக அச்சிட்டுக்கொள்வான். அப்போது பல்லைக் கடித்துப் பயன் இல்லை.

ஆகவே செயலுக்கு வருவோம். நம் மேடைகள் பாட்டால் வளர்ந்தவை. இசைமுரசு நாகூர் அனிபாவின் குரல் எழுந்தால் கூட்டம் கூடிற்று. குரல் கேட்டுக் கொள்கை கேட்டவர் எத்தனை பேர்! அவர் பெயர் நிலைத்தது. ஆனால் இன்று ஊர்தோறும் நடக்கும் கூட்டங்களிலே, தலைவர் வரும்வரை நேரம் கடத்தப் பறையடிப்பவன் பெயர் துண்டறிக்கையிலே உண்டா? தலைமை தாங்குவோர், முன்னிலை வகிப்போர், வரவேற்போர், நன்றி நவில்வோர் என்று நாற்பது பெயர் அச்சாகிறது. அடுத்து 'கலைநிகழ்ச்சி நடைபெறும்' என்று ஒரே வரி! யார் நடத்துவார் அந்த நிகழ்ச்சியை? பேயா, பூதமா?

கிளைதோறும் மூன்று காரியம் செய்யலாம், பெருஞ்செலவு இல்லை. கூட்டத்திலே பாடுவோர், அடிப்போர், ஆடுவோர் ஒவ்வொருவர் பெயரையும் துண்டறிக்கையிலே அச்சிடு. பேசிய கூலியை, மேடையை விட்டு இறங்குமுன் கையிலே கொடு, பொன்னாடை அடுப்பெரிக்காது. உன் தெருவிலே பாடத் தெரிந்த மூதாட்டி இருந்தால், உன் கைப்பேசியிலே பதிவு செய். பதிவின் தொடக்கத்திலேயே அவர் பெயரையும் ஊரையும் நாளையும் அவர் வாயாலேயே சொல்லச் செய். சட்டம் கேட்கும் சான்றுக்கு அது முதற்படி. எடுத்த பதிவை அவர் இசைவின்றி எவருக்கும் கொடுக்காதே.

இவற்றைச் செய்த பிறகு, அரசையும் கேட்போம்: நாட்டுப்புறப் பாடல்களைப் பாடியவர் பெயரோடு பதிவேட்டிலே ஏற்றுக, அரசு விழாவிலே ஒலிக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும், எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், பாடியவர் யார் என்று மேடையிலேயே அறிவித்திடுக என்று. ஆட்சி நம்முடையதாயினும் கேட்போம். நம்முடையதானால் உரிமையோடு கேட்போம்!

கொற்கைக்கு இன்று கடல் இல்லை. கடல் விலகிப் போய்விட்டது. சலாபம் இல்லை. பாண்டியன் இல்லை. ரோமாபுரிச் சீமாட்டி இல்லை. அன்று மூச்சடக்கிக் குளித்தவன் பெயரை இனி எந்த ஏட்டிலே தேடினாலும் எடுக்க முடியாது. அந்த இழப்பு இழப்புத்தான். ஆனால் பாட்டெடுப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். படகிலே இருக்கிறார்கள், உப்பளத்திலே இருக்கிறார்கள், துறைமுகத்து வாயிலிலே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நாளைக் காலை சந்திப்பாய். பாட்டைக் கேட்குமுன், பெயரைக் கேள், தோழா!